பால்சுறா

பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா கொடுத்தால் பால் ஊறும். ராயபுரத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தம்பி பெண்டாட்டி ஆண்பிள்ளை பெற்று எழுந்ததும், கரைக்குப் போய் நானே பேரம் பேசிச் சுறா வாங்கி வந்தேன். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்தவள் நான். அடுப்பு என் கையில் இருந்தது. அவளோ பெரம்பூர் ரயில்வே வீட்டுப் பெண், மீனைக் கண்டால் மூக்கைச் சுளிப்பாள். அந்தச் சுளிப்பு எனக்கு ஆகவே ஆகாது.

இரண்டாம் மாதம் குழந்தையின் மலத்தில் சளி வந்தது. பிறகு அதில் சிவப்பாக இழையோடியது. கன்னமெல்லாம் சொறி. பால் குடித்த கொஞ்ச நேரத்தில் கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடும். குடல் ஏறிவிட்டது என்று நானே முடிவு கட்டி, எர்ணாவூரிலிருந்து குடல் தட்டுகிறவளை அழைத்து வந்தேன். அவள் விளக்கெண்ணெய் தடவித் தட்டிப் பார்த்தாள். ஒன்றிலும் குணம் தெரியவில்லை.

அப்புறம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் வந்தது. பால் கொடுக்கிறவளுக்கு ஒருசந்தி விரதம் கிடையாது என்று எவ்வளவோ சொன்னேன். உயிர்த்த ஞாயிறு வரை கஞ்சியும் துவையலும்தான் என்று அவள் பிடிவாதமாக நேர்ந்துகொண்டாள். ஐந்தாம் நாள் குழந்தையின் துணி சுத்தமாக இருந்தது. ஞாயிறன்று பூசை முடிந்து வந்து சுறாப்புட்டு செய்து அவள் தட்டில் குவித்தேன். மறுநாளே ரத்தம்.

"நான் மீன் துன்னாத்தான் கொயந்தைக்கு இப்டி ஆவுது அண்ணி. எனுக்கு வாணாம்" என்றாள்.

"தாயி துன்றது புள்ளைக்கு ஆவாதா? அப்போ இந்தக் கரையில ஒரு புள்ளயும் பொயைச்சிருக்காதே!" என்று சீறினேன்.

தம்பி குறுக்கே வந்தான். "யக்கா, அதுக்கு இனிமே மீனே போடாத. உட்டுடு."

இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி, அவளுக்கு முன்னால் என்னை அப்படிச் சொன்னான். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் தட்டில் மீன் துண்டு போடுவதை நிறுத்தினேன். ஆனால் சுறாவை அவித்த தண்ணீரில் புளியைக் கரைத்து, பூண்டை அள்ளிப் போட்டு, அவளுக்கென்று தனியாகக் குழம்பு வைத்தேன். மீன் வாடை அடிக்காத சட்டி அந்த வீட்டில் ஏது? அவள் ருசித்துச் சாப்பிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன், பாவி.

ரத்தம் நிற்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் என்னிடமே வந்து அழுதாள். "மீனைத் தொடவே இல்லியே அண்ணி. அப்போ என் பாலேதான் வெஷமா?"

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். குழந்தையைவிட என் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது. அவள் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு மாட்டுப்பாலைச் சங்கில் புகட்டினாள். கழிச்சல் இன்னும் முற்றியது. வயிறு உப்பி, கண் குழிந்து, பத்து நாளில் குழந்தை போய்விட்டான். தாய் தின்பது பாலில் இறங்கிச் சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் சொன்னார். நான் அதை அவர் சொல்லியா தெரிந்துகொள்ள வேண்டும்?

இரண்டு வருஷத்தில் அவளுக்குப் பெண் பிறந்தாள். மூன்றாம் நாள் பால் கட்டி, ரவிக்கை நனைந்து, குழந்தை பசியில் கத்திக்கொண்டிருந்தது. அவள் அதைத் தூக்கவில்லை.

"அண்ணி, மல்லிப்பூ வாங்கியாந்து மார்ல வெச்சிக் கட்டு. பால் வத்திப் பூடட்டும். இந்தப் பாலு இதுக்கும் வாணாம்."

பூ வாங்கி வந்தேன். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, வாயைத் திறக்காமல், துணியை இறுக்கி முடிச்சுப் போட்டேன்.