யாருக்கும் காத்திராத மரைக்காயர்

ஈப்போவில் எங்கள் பஸ் கம்பெனியின் புதுத் தடத்தைக் கவனித்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு மாலையில் தந்தி வந்தது. மீராசா மரைக்காயர் பினாங்கில் காலமானார் என்று அவர் மகன் அனுப்பியிருந்தான். "ஒரு காலத்திலை அந்த மனுசனை நான் எப்பிடியெல்லாம் ஏசினன்" என்று சொல்லி என் மனைவி அழுதாள். அவருடைய பஸ்ஸில் ஏறிப் போனவர்களுக்காகவும், ஓடிவந்தும் பஸ்ஸைத் தவறவிட்டு அவரைச் சபித்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இரண்டாம் வகையினரே கூடுதல் என்பது எனக்குத் தெரியும்.

பினாங்கில் கப்பித்தான் பள்ளிவாசலுக்கு அருகே கயிற்றுக் கடை வைத்திருந்தவர் அவர். நான் துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி, யாழ்ப்பாணத்தான். கப்பலுக்குக் கயிறு கொடுக்க வந்தவர், தீவின் தென்கோடியில் இருக்கும் பாயான் லெப்பாஸுக்கு பஸ் விடுவோமா என்று என்னைக் கேட்டார். அவர் பேச்சில் மயங்கி அரசாங்க உத்தியோகத்தை உதறிவிட்டு வீட்டுக்குப் போனேன். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கோணும் எண்டு எங்கட சனம் சும்மாவே சொல்லுது? இது சரிவராட்டி நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிடுவன்" என்றாள் மனைவி. அது வெறும் மிரட்டல் இல்லை. தாலிக்கொடி தவிர அவளுடைய நகை எல்லாம் விற்றுத்தான் எங்கள் முதல் பஸ்ஸை வாங்கினோம்.

அந்தத் தடத்தில் ஏற்கெனவே ஓடிய வண்டிகள் ஆள் நிறைந்தால்தான் நகரும். முன்னால் ஏறியவர் வியர்த்து வழிய உட்கார்ந்திருப்பார், வண்டிக்காரர் இன்னொரு ஆளைத் தேடிச் சந்தைக்குள் போயிருப்பார். மரைக்காயர் அதற்கு உடன்படவில்லை. "ஆள் சேந்தாக் கெளம்புறது சந்தை வண்டி, கிராணியாரே. மணிக்குக் கெளம்புனாத்தான் பஸ்ஸு" என்றார். அப்படியே கிளம்பினோம். முதல் வாரங்களில் பெஞ்சுகளில் ஈக்களும் நானும்தான் போய்வந்தோம். மரைக்காயர் காற்றுக்கு டிக்கெட் விற்கிறார் என்று சந்தையே சிரித்தது.

ஒருநாள் அவருடைய மனைவியே பஸ்ஸைத் தவறவிட்டார். தங்கை வீட்டுக் கல்யாணத்துக்காகப் பலகாரக் கூடையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். இன்னும் பத்து எட்டு வைத்தால் போதும். மரைக்காயர் மணியைப் பார்த்தார், டிரைவருக்குத் தலையசைத்தார், பஸ் போய்விட்டது. "உங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று அந்த அம்மா நடுத்தெருவில் கேட்டது பினாங்கு முழுக்கப் பரவியது. அந்த வாரம் முழுக்க மனிதர் கடைச் சோறுதான் சாப்பிட்டார். "நம்ம வீட்டு ஆளுக்கு நிறுத்துனா ஊருக்கே நிறுத்தணும்லா" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே என்னிடம் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் மனைவி பெட்டியைத் தூசி தட்டி வைத்திருந்தாள். ஐந்து நிமிடம் நின்று போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று ஒருநாள் அவரிடம் கத்தியே விட்டேன். "உங்களுக்குக் கயிற்றுக் கடை இருக்கிறது. எனக்குத் திரும்பிப் போக எது இருக்கிறது?" என்று கேட்டேன். அவர் "நோன்புப் பெருநாள் வரைக்கும் பொறுங்க. அதுக்கப்புறம் உங்க சொல்படி நிறுத்திப் போவோம்" என்றார். அப்படி இறங்கிப் பேசும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அதனால் நானும் ஒத்துக்கொண்டேன்.

நோன்பு மாதம் பிறந்தது. பாயான் லெப்பாஸ் பக்கத்து மலாய்க்காரர்கள் பலர் பட்டணத்தில் வேலை பார்த்தார்கள். பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் படாத வாயோடு, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ப் பெண்டு பிள்ளைகளோடு நோன்பு திறக்கத் துடிப்பவர்கள். வண்டி நிறையட்டும் என்று காத்திருக்க அவர்களால் ஆகாது. முதல் நாள் நான்கைந்து பேர் வந்தார்கள். வாரம் முடிவதற்குள் ஐந்து மணி பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஒரு மலாய்ப் பெரியவர் பெஞ்சைத் தட்டி, "இனி பஸ் சம்பாய் லா!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இந்த பஸ் போய்ச் சேரும் என்ற அந்த ஒரு சொல், நாங்கள் அடித்து ஒட்டிய நோட்டீஸ் அத்தனையையும்விட வேலை செய்தது. பெருநாள் கழிந்தும் அவர்கள் எங்களை விடவில்லை.

இதை முன்பே கணக்குப் போட்டுத்தான் தவணை கேட்டீரா என்று பலமுறை கேட்டிருக்கிறேன். தாடியைத் தடவிச் சிரிப்பாரே ஒழியப் பதில் சொல்ல மாட்டார். எங்கள் பெட்டி மறுபடி பரணில் ஏறியது. பிறகு தொழில் தொடங்க ஆலோசனை கேட்டு யார் வந்தாலும், "சொன்ன சொல்லத்தான் விக்கிறோம் தம்பி, வண்டி அப்புறம்" என்பார். நாங்கள் கற்ற தொழில் பாடம் அவ்வளவுதான்.

தந்தி கண்ட மறுநாள் விடியலில் ரயில் ஏறினேன். வழியில் மழை, ரயில் தாமதம். பிறை என்ற ஊரின் துறையில் பெரிப் படகுக்குக் காத்திருந்து கடல் தாண்டுவதற்குள் பகல் நெடுநேரம் ஆகிவிட்டது. அவர்கள் வழக்கத்தில் இறந்தவரின் மையித்தை நீண்ட நேரம் வைத்திருக்க மாட்டார்கள். அதுவும் இவர் யாருக்கும் நின்றவரா என்ன? மண்மேட்டைத்தான் பார்க்கப் போகிறேன் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு ரிக்‌ஷாவில் போனேன். வீட்டு வாசலில் கூட்டம் அப்படியே நின்றது.

மகன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். "காலையிலயே அடக்கம் பண்ணிருக்கணும் மாமா. பள்ளிவாசல் லெப்பை ரெண்டு வாட்டி கேட்டுட்டாரு. 'கிராணியார் வந்த பொறவு எடுங்க'ன்னு வாப்பா சொல்லிட்டுப் போயிட்டாங்க."

மையித்து வைத்த சந்தூக்கைத் தூக்க எனக்கும் தோள் கொடுக்க இடம் விட்டார்கள். நான் அழுதேன், வெட்கப்படவில்லை. மணி தவறாத அந்த பஸ்ஸை அவர் ஊருக்கு விட்டுப் போயிருக்கிறார், நன்றாக ஓடட்டும். தன் ஆயுளில் அவர் ஒரே ஒரு முறை தாமதமாகக் கிளம்பினார், அதுவும் எனக்காக. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.