எட்டின் நடுவில் ஊன்றிய கால்

என் வீட்டுக்காரருக்கு வலது கால் பெருவிரலை எடுத்த பிறகு, வாரத்தில் மூன்று நாள் சிதம்பரத்துக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும் என்றார்கள். சர்க்கரை உடம்பு. சீக்கிரம் ஆறாது, அந்தக் காலைத் தரையில் வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் ஊர் சேத்தியாத்தோப்பு ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே இருக்கிறது. பஸ் ரோட்டோடு போய்விடும். வாரத்துக்கு மூன்று தடவை ஆட்டோ வைக்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அவர் ஓட்டிக்கொண்டிருந்த மொபெட்டை இனி அவரால் ஓட்ட முடியாது. கடலூரில் இருக்கும் எங்கள் மகள் தன்னுடைய பழைய ஸ்கூட்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள்.

"நீ ஓட்டும்மா. சின்ன வயசுல சைக்கிள் ஓட்டுன ஆளுதானே நீ."

அப்போது எனக்கு அறுபத்தோரு வயது. அஞ்சாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூசும். ஆனாலும் இருபது நாளில் வண்டி பிடிபட்டுவிட்டது. அவரைப் பின்னால் உட்கார வைத்து, கட்டுப்போட்ட காலைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லி, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். ஐந்தாறு தடவை அப்படிப் போயிருப்போம். சிதம்பரம் நுழையும் இடத்தில் ஒருநாள் போலீஸ் நிறுத்தியது.

"லைசென்ஸ் எடும்மா," என்றாள் அந்த போலீஸ்காரப் பெண்.

நான் பையைத் துழாவி ஆஸ்பத்திரி நோட்டை எடுத்துக் கொடுத்தேன். ஆதார் கார்டைக் கொடுத்தேன். அதுவும் இல்லை என்றதும், வீட்டிலிருந்து எதற்கோ எடுத்துவந்திருந்த ரேஷன் கார்டையும் நீட்டினேன். பக்கத்தில் நின்றிருந்த பையன்கள் சிரித்தார்கள். அவர் பின்னால் உட்கார்ந்தபடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். காலைப் பார்த்து அந்தப் பெண் எங்களை விட்டுவிட்டாள். "இனிமே லைசென்ஸ் இல்லாம இவர ஏத்திக்கிட்டு வராதீங்க. கீழ விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்றாள். மகளுக்குத் தெரிந்து, அவளும் அதையே சொன்னாள்.

அன்றிலிருந்து என் கொழுந்தனார்தான் அவரைத் தன் பைக்கில் கூட்டிப்போனார். அவர் என் வீட்டுக்காரருக்கு நேர் தம்பி, பக்கத்து வீடு. கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவர் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஒவ்வொரு தடவையும் நான் போய் அவர் வாசலில் நிற்க வேண்டும். "வரேன் வரேன், கலெக்டர் அவசரமா கூப்புடுறாரா?" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். எப்படியாவது லைசென்ஸ் எடுத்து, என் வீட்டுக்காரரை நானே கூட்டிப்போக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

எல்.எல்.ஆர். வாங்கி ஒரு மாதம் கழித்து, மகள் கடலூரிலேயே டெஸ்டுக்குப் பதிந்தாள். நான்தான் அப்படிக் கேட்டேன். சிதம்பரம் என்றால் தெரிந்த முகம் யாராவது வந்து நிற்கும்.

டெஸ்ட் நடக்கும் இடத்தில் தரையில் எட்டுப் போல வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். அதன்மேல் கால் ஊன்றாமல் சுற்றிவர வேண்டும். அவ்வளவுதான். வரிசையில் எல்லாம் காலேஜ் பிள்ளைகள். "ஆயா, பேத்திக்குத் தொணையா வந்தீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அடுத்த நிமிஷம் என் பேரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

கொண்டை இருந்ததால் ஹெல்மெட் தலையில் உட்காரவில்லை. கொண்டையை அவிழ்த்துப் பின்னலாகத் தொங்கவிட்டேன். வண்டியில் ஏறும்போது, ஏன் என்று தெரியாமலே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"கோயிலுக்கா வந்திருக்கீங்க? செருப்ப மாட்டிக்கிட்டு ஓட்டும்மா," என்றார் அதிகாரி. எட்டின் இடுப்புப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் மகளைவிடச் சின்னவராகத்தான் இருப்பார்.

மேல் வட்டத்தை நன்றாகச் சுற்றினேன். நடுவுக்கு வந்ததும் இடது கால் தரையில் இருந்தது. ஊன்றினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. பார்த்தபோது அது அங்கே இருந்தது.

"கால் ஊனிட்டீங்க. அடுத்த வாரம் வாங்க."

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனாரிடம் உண்மையைச் சொன்னேன். அது தப்பாகப் போனது. மறுநாள் பால் ஊற்றுகிற இடத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. "என்னா அண்ணி, எட்டு வரலியா? மொதல்ல ரெண்டு மூணுன்னு போட்டுப் பழகிட்டு அப்புறம் எட்டுக்கு வாங்க," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பால் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

இரண்டாம் தடவை, கண் காட்டக் கடலூர் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். கால் அதே இடத்தில் இறங்கியது. மூன்றாம் தடவையும் கண் என்றே சொன்னேன். அன்றைக்கு மகள் லீவு போட்டு வந்து கம்பிவேலிக்கு வெளியே நின்றாள். மூன்றாம் தடவையும் அதே காலை அதே இடத்தில் ஊன்றினேன். இனி இரண்டு மாதம் கழித்துத்தான் வர முடியும் என்றார்கள்.

வெளியே வந்ததும் மகள் என் கையைப் பிடித்தாள். "எம்மா, நீ அவரு முன்னாடி வரும்போது எறங்குற."

"நான் எங்கடி எறங்குனேன்? கால்தான் பட்டுது."

"எறங்குறம்மா. தலைய குனியிற, ஒரு கையால முந்தானைய இழுத்து விடுற, கால கீழ வைக்கிற. கும்புடாததுதான் பாக்கி."

பஸ்ஸில் வரும்போது குறிஞ்சிப்பாடியைத் தாண்டியதும்தான் அது எனக்கு உறைத்தது. என் பிறந்த ஊர் அந்தப் பக்கம்தான். பதிமூன்று வயதில் கழனியில் இருக்கும் அப்பாவுக்குச் சைக்கிளில் சோறு கொண்டுபோவேன். வழியில் பெரிய ஆம்பிளை யாராவது உட்கார்ந்திருந்தால் பொட்டைப் பிள்ளை சைக்கிளில் உட்கார்ந்தபடி தாண்டக் கூடாது. இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அவர்களைக் கடக்கிற வரைக்கும் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஒருநாள் இறங்காமல் போனதற்கு அம்மா என்னை விளக்குமாற்றால் அடித்தாள். அந்த வழக்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது. என் காலுக்குத்தான் அது தெரியவில்லை. மூளை மறந்துவிட்டதை வைத்துக்கொண்டிருந்த காலை நினைத்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையாக வந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? உட்கார்ந்திருந்த ஆளுக்குப் பயந்து மூன்று தடவை தோற்றேன் என்றா?

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதத்தான் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் கட்டு மாற்றுகிற நாள். கொழுந்தனார் வாசலுக்குப் போய் நிற்க வேண்டும். கண் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பார். எப்படியோ அவருக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று பயந்தேன். போகவில்லை. "ஒங்க தம்பி ஊர்ல இல்லியாம். வந்ததும் போய்க்கலாம்," என்று வீட்டுக்காரரிடம் பொய் சொன்னேன். அவர் சரி என்றார். அடுத்த கட்டுக்கும் அதையே சொன்னேன். அதற்கும் சரி என்றார். ஐந்து நாள் போய்விட்டது. ஆறாம் நாள் காலையில் அவர் பக்கத்தில் போனபோது வாடை அடித்தது.

விழுந்தடித்து ஓடிக் கொழுந்தனாரைக் கூப்பிட்டேன். நான் பயந்த கேள்வி எதையும் அவர் கேட்கவில்லை. லுங்கியோடு வண்டியை எடுத்துவிட்டார். நான் ரோடு வரைக்கும் நடந்து, பஸ் பிடித்து, பின்னாலேயே போய்ச் சேர்ந்தேன். கட்டைப் பிரித்த நர்ஸ் முகத்தைச் சுளித்தாள்.

"இத்தன நாளு என்னா பண்ணீங்க? இன்னும் நாலு நாள் உட்டிருந்தீங்கன்னா பக்கத்து வெரலும் போயிருக்கும். வூட்ல பாக்க ஆளு இல்லியா?"

நான் சுவரோடு நின்றுகொண்டிருந்தேன். "நான்தாம்மா வரமாட்டேன்னு அடம் புடிச்சிட்டேன். இவ கூப்புட்டுக்கிட்டேதான் இருந்தா," என்றார் என் வீட்டுக்காரர்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கண் டாக்டர், மூன்று டெஸ்ட், தம்பி ஊரில் இல்லை என்று சொன்ன பொய் எல்லாவற்றையும்.

"தெரியும்," என்றார்.

"என்னா தெரியும்?"

"அவன் பைக்கு சத்தம் ஊருக்கே கேக்குது. எனக்குக் கேக்காதா? காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ போய்க்கிட்டு வந்துக்கிட்டுதான இருந்தான்."

"அப்ப ஏங்க சும்மா இருந்தீங்க?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். நீ எவ்ளோ வெக்கப்படுவேன்னு எனக்குத் தெரியாதா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். புண்ணில் வலி எடுத்திருக்கும், வாடை அவருக்கும் தெரிந்திருக்கும். என் முகத்துக்காக ஐந்து நாள் பொறுத்திருக்கிறார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். கடைசியாகக் கால் விஷயத்தையும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்தால் அது தானாக இறங்குவதையும் சொன்னேன். அவர் சிரித்தார். படுத்துக்கொண்டே, வயிறு குலுங்கக் குலுங்க.

மறுநாளே களத்தில் பழக வேண்டும் என்றார். அறுவடை முடிந்து சிமெண்டுக் களம் காலியாகக் கிடந்தது. கோலமாவை எடுத்துப்போய் நானே பெரிய எட்டு ஒன்று போட்டேன். அவரை நாற்காலியோடு தூக்கிவந்து எட்டின் இடுப்புப் பக்கம் வைத்தவர் கொழுந்தனார். கட்டுப்போட்ட காலுக்கு ஒரு முக்காலி. என் வீட்டுக்காரர் கல்யாணச் சட்டையைப் போட்டு, கண்ணாடி மாட்டி, மடியில் ஆஸ்பத்திரி நோட்டை வைத்துக்கொண்டு அதிகாரி மாதிரி உட்கார்ந்தார்.

முதல் சுற்றிலேயே கால் இறங்கியது.

"எறங்காதடி!" என்று கத்தினார்.

"நீங்க அப்புடி மொறைச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தா எப்புடிங்க?"

"அந்த ஆபீசரு ஒனக்கு வெத்தல பாக்கா வைப்பாரு? மரியாதையெல்லாம் வூட்ல வச்சிட்டு வா. என் மேல ஏத்துற மாதிரி வா."

"அண்ணி, நாப்பது வருஷத்துல இப்பதான் சான்ஸ் கெடச்சிருக்கு. உட்றாதீங்க, ஏத்திடுங்க," என்றார் கொழுந்தனார்.

களத்து மேட்டில் ஆட்கள் கூடிவிட்டார்கள். வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் தினமும் போனேன். கோலமாவு அழிய அழியப் போட்டேன். கட்டு மாற்றும் நாட்களில் கொழுந்தனார் வாசலுக்குப் போய், "வாங்க, நேரமாயிடிச்சு," என்று வாய்விட்டுக் கூப்பிடவும் பழகிக்கொண்டேன். இரண்டு மாதமும் ஒரு கட்டும் தவறவில்லை.

நாலாம் தடவை டெஸ்டில் அதே அதிகாரி, அதே நாற்காலி. நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. வண்டியின் மட்கார்டை மட்டும் பார்த்துக்கொண்டு சுற்றினேன். நடுவில் கால் துடித்தது. விரல்களைச் செருப்புக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டேன். இறங்கவில்லை. சுற்றி முடித்து நிறுத்தினேன்.

அதிகாரி போனிலிருந்து தலை நிமிர்ந்தார். "என்னம்மா, ஆரம்பிக்கலியா?"

"போட்டுட்டேன் சார்."

"நான் பாக்கலியே. இன்னொரு தடவ போடுங்க."

மறுபடியும் ஏறினேன். இந்தத் தடவை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படிச் சுற்றினேன் என்று கேட்டால் தெரியாது. "சரி, போங்க," என்றார். நன்றி சொன்னேன். அது என் காதுக்கே கேட்கவில்லை.

லைசென்ஸ் தபாலில் வந்தது. அதிலிருந்த படத்தில் நான் திருடி மாதிரி முழித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கட்டு மாற்றுகிற நாள். அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் போனேன். வழியில் நிறுத்தமாட்டார்களா என்று போலீஸைத் தேடிக்கொண்டேதான் போனேன். யாரும் நிறுத்தவில்லை.

நர்ஸ் கட்டைப் பிரித்தாள். டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து பார்த்து, விரலால் அழுத்தி, "நல்லா மூடிடுச்சே. இனி கட்டு வேணாம். மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டுனா போதும்," என்றார்.

என் வீட்டுக்காரர் டாக்டருக்குக் கை கூப்பினார். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. 'அடடா, இவ்வளவுதானா?' என்றுதான் நினைத்தேன். இன்னும் பத்துத் தடவையாவது அவரை நான் கூட்டிவருவேன் என்று மனசுக்குள் ஆசைப்பட்டிருக்கிறேன். கட்டிய புருஷனின் புண் ஆறியதற்கு ஒருத்தி முகம் வாடுவாளா? நான் வாடினேன்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது அவர் கேட்டார். "ஏண்டி, மூஞ்சி ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல, வெயிலு," என்றேன்.

அவர் என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். வலது காலை முதல் தடவையாகத் தூக்கிப் பிடிக்காமல் மிதியில் வைத்துக்கொண்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.