கடல் சாமந்திக்கு லைட் போட வந்த அண்ணாச்சி

"லைட்டு அண்ணாச்சி தவறிட்டாவளாம்..."

காலையில் எங்க வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டுச் சொன்னார். போட்ட காபி ரெண்டும் ஆறிப்போய் அப்படியே இருக்கிறது.

கோவில்பட்டி பஜாரில் எலெக்ட்ரிக் கடை வைத்திருந்தவர். கல்யாணமோ கோயில் கொடைத் திருவிழாவோ, சீரியல் செட் லைட் என்றால் அவர்தான். அவருடைய சொந்தப் பேரே எனக்கு இன்று போனில் வந்த அஞ்சலி போஸ்டரைப் பார்த்துத்தான் தெரியும்!

எங்கள் வீட்டு மீன் தொட்டிக்கு லைட் போட வந்ததில் ஆரம்பித்த பழக்கம்.

எண்பதுகளின் ஆரம்பம். தூத்துக்குடியில் கடலைப் பார்த்தே வளர்ந்த என்னைக் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். கயத்தாறு பக்கம் போனாலும் கழுகுமலை பக்கம் போனாலும் அதே கரிசக்காடு, அதே வெயில்...

தினமும் அழுகைதான். "என்னால இங்கன இருக்க முடியாது. நான் பெட்டியக் கட்டுதேன்" என்று எங்க வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். மிரட்டல் இல்லை, நிஜமாகவே கிளம்பத் தயாராக இருந்தேன்.

அவருக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அதில் மாற்றல் ஏது? மனுஷன் யோசித்து யோசித்து, கடலை வீட்டுக்கே கொண்டுவந்தார்!

மதுரையில் வாங்கின கண்ணாடித் தொட்டி. கடல் தண்ணீரைக் கேன் கேனாக உப்பு லாரியில் என் அண்ணன் ஏற்றிவிடுவான்.

ஒருநாள் தண்ணீரோடு ஒரு பாறைக்கல்லும் வந்தது. அதில் ஒட்டிக்கொண்டு ஒரு கடல் சாமந்தி... பார்க்கப் பூ மாதிரி இருக்கும், ஆனால் உயிருள்ள பிராணி. கடலுக்கடியில் அழகாக விரிந்து ஆடும்.

எங்கள் வீட்டில் ஆடவில்லை. சுருக்குப்பை மாதிரி சுருங்கி உட்கார்ந்துகொண்டது.

"பாத்தீங்களா, இதுக்கே இந்த ஊரு ஒத்துக்கல. இது விரிஞ்சா நான் இருக்கேன். இல்லன்னா ரெண்டு பேரும் தூத்துக்குடிக்கே போறோம்" என்றேன். ரெண்டு பேர் என்றால் நானும் சாமந்தியும்!

அதுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும் என்று அண்ணன் லாரி டிரைவரிடம் சொல்லியனுப்பினான். எங்களுடையது இருட்டான ஓட்டு வீடு. எங்க வீட்டுக்காரர் நேராக லைட்டு அண்ணாச்சி கடைக்குப் போய் என் சபதம் வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார்.

அண்ணாச்சி அதை ஊருடைய மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். "கோவில்பட்டில விரியாதாமா? எத்தன கொடைக்கு லைட்டுப் போட்டவன் நான்! எம்மா, நீ பெட்டியக் கீழ வையி."

முதலில் ஒரு பெரிய குண்டு பல்பு. தண்ணீர் சுட்டதுதான் மிச்சம். உள்ளே கையை விட்டுப் பார்த்து, "ரசம் வைக்கலாம் போலருக்கே" என்று அவரே கழற்றிவிட்டார்.

அடுத்தது ட்யூப் லைட். எங்கள் தெருவில் சாயங்காலமானால் லோ வோல்டேஜ்... அது கண்ணடித்துக் கண்ணடித்து எங்களுக்கே தலை சுற்றியது. சாமந்தி அசையவே இல்லை.

நான் சேலைகளை மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டேன்.

"எம்மா, ஒரு நா பொறு. சீரியல் செட்டு போடுதேன். கொடைல சனமே வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும், இது எம்மாத்திரம்?"

மறுநாள் உச்சி வெயிலில் சிவப்பும் பச்சையுமாகப் பல்பு மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு கூரைமேல் ஏறினார். வயரை உள்ளே விட, தொட்டிக்கு நேர் மேலே இருந்த ஓடுகளைப் பிரித்தார்.

வெயில் அப்படியே தொட்டிக்குள் இறங்கியது.

நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்... சாமந்தி மெல்ல அசைந்தது. ஒவ்வொரு இதழாக வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் முழுசாக விரிந்து, எங்க ஊர்க் கடலில் ஆடுகிற மாதிரியே ஆடியது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

மேலேயிருந்து பதறிப்போய் ஒரு குரல். "எம்மா, ஷாக் அடிச்சிட்டா? நான் இன்னும் கனெக்ஷனே குடுக்கலயே!"

"விரிஞ்சிட்டு அண்ணாச்சி! ஓட்ட மூடிராதீங்க!"

என்ன ஏதென்று பார்க்க அவர் ஓட்டைக்குள் தலையை விட்டார். வெயில் மறைந்தது, அது மறுபடி சுருங்கப் பார்த்தது.

"தலைய எடுங்க அண்ணாச்சி!"

அன்று சாயங்காலமே ஒரு கண்ணாடி ஓடு வாங்கிவந்து தன் கையாலேயே பதித்துக்கொடுத்தார். "லைட்டுக் கடைக்காரன், கடைசில வெயில மாட்டிட்டுப் போறேன்" என்று ஒரே புலம்பல். வெயில் கூடுகிற நேரத்தில் தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டிக்கொள்வோம்.

ஆனால் தோற்றதை மட்டும் மனுஷன் ஒத்துக்கொண்டதே இல்லை. "சீரியல் செட்டு போட்டிருந்தா இன்னும் ஜோரா விரிஞ்சிருக்கும்... நீங்கதான் விடல!"

மடித்த சேலைகள் திரும்ப பீரோவுக்குள் போயின. சாமந்தி சில வருஷம் இருந்தது. நான் இன்னும் இருக்கிறேன்.

அதற்கப்புறம் பஜாரில், பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீட்டுப் பந்தியில், எங்கே பார்த்தாலும் என்னிடம் ஒரே கேள்விதான். "என்னம்மா, பெட்டியக் கட்டியாச்சா?"

"இல்ல அண்ணாச்சி, இங்கனதான் இருக்கேன்."

உடனே ஒரு சிரிப்பு. ஊரையே ஜெயித்துக் கொடுத்த மாதிரி ஒரு சிரிப்பு.

போன மாதம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோதும், மூச்சு வாங்கிக்கொண்டே அதைத்தான் கேட்டார். நானும் அதையேதான் சொன்னேன். சிரித்தார்.

இப்போது அவர் வீட்டு வாசலில் வேறு யாரோ ட்யூப் லைட் கட்டிக்கொண்டிருக்கிறார்களாம். கிளம்பிக்கொண்டிருக்கிறோம்.

நான் இங்கனதான் இருக்கேன் அண்ணாச்சி... நீங்கதான் சொல்லாமக்கொள்ளாமப் பெட்டியக் கட்டிட்டீங்க.