பெருநாளன்றும் நோன்பு

என் வாய்க்குக் கதவு கிடையாது. இருந்திருந்தாலும் நான் அதைப் பூட்டியிருக்க மாட்டேன். கல்முனைத் தையல் கடையில், நோன்புப் பெருநாளுக்குத் தைத்த சட்டையின் சிப் பாதியில் நின்றபோது, பதினைந்து வயது மகளைப் பார்த்து அந்த வாய்தான் சொன்னது: "சட்டையில பிழை இல்ல. உள்ளுக்குப் போறது ரெண்டாளு." தைக்கிற பெண் சிரித்தாள். என் சிரிப்பு தெருவரைக்கும் கேட்டிருக்கும். "பிரிக்க வேணாம், புள்ள மெலியட்டும்" என்று சட்டையை அப்படியே வாங்கி வந்தேன். மகள் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

பெருநாள் முடிந்ததும் அவள் ஆறு நோன்பு பிடித்தாள். அது எல்லாரும் பிடிப்பதுதான். பிறகு திங்களும் வியாழனும் பிடித்தாள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படியொரு பக்தியான பிள்ளையை நானா பெற்றேன் என்று ரோடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

நோன்பு திறக்கும் நேரத்தில் அல்லாஹ்விடம் கேட்கும் துஆ வீண்போகாது என்பார்கள். சனம் விடுமா? பக்கத்து வீட்டு மாமி மகனின் கட்டார் விசாவுக்காக வந்தார். இன்னொருத்தி காணாமற்போன ஆட்டுக்காக வந்தாள். மறந்துவிடாதிருக்க எல்லாவற்றையும் கொப்பித் தாளில் எழுதிப் பேரீச்சம்பழத் தட்டருகே வைப்பேன். பிள்ளை ஒரு பழத்தைக் கடித்து, அரைக் கிளாஸ் தண்ணீர் குடித்து, விசாவுக்கும் ஆட்டுக்கும் துஆக் கேட்டுவிட்டு, "வயிறு நிரம்பிட்டு உம்மா" என்று எழும்பிவிடுவாள். ஆடு கிடைத்துவிட்டது. பிறகு கேட்பானேன், வாசலில் ஒரே கூட்டம்!

"புள்ள மெலியிறா" என்றார் என் கணவர்.

"சும்மா இரிங்க. ஈமான் உள்ள முகம் அப்படித்தான்" என்று அவர் வாயை அடைத்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. புரியாணி நிறைந்த பெரிய சஹன் தட்டைச் சுற்றி வீடே உட்கார்ந்திருந்தது. மகள் வழக்கம்போல, "எனக்கு வேணாம் உம்மா, நான் நோன்பு" என்றாள்.

கணவரின் கை சோற்றிலேயே நின்றது. "மகள், இண்டைக்குப் பெருநாள். நோன்பு புடிக்கிற ஹராம்."

அது அவளுக்குத் தெரியாதா? பழக்கதோஷத்தில் வாய் தவறிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள். "சோத்தக் கண்டா பயமா இரிக்கி வாப்பா" என்று அழுதாள்.

நான் எழும்பிவிட்டேன். "எவள்கா உன்ன என்ன சொன்ன? ஆளச் சொல்லு, இப்பவே போய்க் கேக்கன்!"

"நீங்கதான் உம்மா. ரெண்டாளு எண்டு."

தவளை தன் வாயால் கெடும். நான் என் பிள்ளையையல்லவா கெடுத்துவிட்டேன்! அன்று அந்தப் புரியாணி எனக்கும் இறங்கவில்லை.

பெருநாள் கழிந்ததும் டொக்டரிடம் போனோம். இது மெல்ல மெல்லத்தான் மாறும், எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள் என்றார் அந்த அம்மா. குண்டு என்றோ மெலிவு என்றோ வீட்டில் யாரும் பகிடிக்கும் வாய்திறக்கக் கூடாதாம். "வீட்டில ஆரு கூடுதலாக் கதைக்கிற?" என்று கேட்டார். அப்பனும் மகளும் ஒன்றாக என்னைப் பார்த்தார்கள். "அப்ப இனி உங்கட வாய்க்குத்தான் நோன்பு" என்றார்.

முப்பது நோன்பையும் மூச்சுவிடாமல் பிடித்துவிடலாம், இது பொல்லாதது. மாமி அடுத்த விசாவுக்குத் துஆக் கேட்டு வந்தபோது மட்டும் வாசலில் நின்று சத்தமாகவே சொன்னேன்: "மகள் இப்ப நோன்பில்ல மாமி. சோறு தின்னுறா!" ஆறு நோன்புக்குக்கூட நான் அப்படிப் பெருமையடித்ததில்லை.

போன மாதம் ஒரு கலியாண வீட்டுக்காக அவள் அதே சட்டையை எடுத்துப் போட்டாள். சிப் அதே இடத்தில் நின்றது. என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, யா அல்லாஹ்! பல்லைக் கடித்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்து, சட்டையைக் கழற்றி வாங்கி, பக்கத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன். உள்ளே இரண்டு விரல் துணி மிச்சமிருந்தது.

சீனிச்சம்பல் பணிஸைக் கடித்துக்கொண்டு மகள் பக்கத்தில் வந்து குந்தினாள். "என்ன உம்மா, ஒண்டும் சொல்லல்ல?"

"நான் நோன்பு" என்றேன்.

வாய் நிறையப் பணிஸோடு சிரித்தாள். மிச்சத்தைப் பிய்த்து, "திறங்க" என்று என் வாய்க்குள் திணித்தாள்.