கந்தையா, பயணத்துக்கு ஆயத்தமா?

காலை 7.20. பண்டத்தரிப்புச் சந்தியில் ஓட்டோ ஏறினேன். பலாலி விமான நிலையத்துக்கு 2,800 ரூபா என்றார் மரியதாஸ். குருநகரில் பிறந்து எங்கள் ஊரில் பெண்ணெடுத்தவர், விலை குறைக்கமாட்டார். நானும் அன்று பேரம் பேசும் நிலையில் இல்லை. கையில் ஒரே ஒரு பை, 6 கிலோ 400 கிராம். மகன் அனுப்பிய கைபேசியில் மின்சாரம் 88 வீதம். பயணச்சீட்டு, இந்திய விசா, மருத்துவமனை முகவரி எல்லாம் அதற்குள்ளேதான். கடவுச்சீட்டைத் தவிரக் காகிதத்தில் எதுவுமில்லை. கைபேசி அணைந்தால் நான் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி பரமேஸ்வரிக்கு அன்று பின்னேரம் நான்கு மணிக்குச் சென்னையில் இருதயச் சத்திரசிகிச்சை. என் கடவுச்சீட்டு காலாவதியாகியிருந்ததைக் கவனிக்காமல் விட்டதால், அவள் மகளோடு முன்னே போனாள். "அவரைக் காணாமல் உள்ளுக்குப் போகமாட்டன்" என்று அவள் பிடிவாதம் பிடிப்பதாக மகள் சொன்னாள். வைத்தியர் காத்திருக்கமாட்டார் என்றும் சொன்னாள். பலாலியிலிருந்து அன்று ஒரே விமானம், 11.40க்கு.

அளவெட்டி தாண்டும்போது கைபேசி இரண்டு தரம் அதிர்ந்தது. நான் பார்க்கவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்லவேண்டும்.

என் பெயர் சிவஞானம். கந்தையா என் தகப்பனார். எங்கள் பக்கத்தில் தகப்பன் பெயர் முன்னே நிற்கும். கையெழுத்தில் ஒரு 'க.' ஆகச் சுருங்கிக் கிடக்கும். விமானக் கம்பனியின் கணினி முன்னே நின்றவரைப் பிடித்துக்கொண்டது. பயணச்சீட்டு எடுத்த அன்றே ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது: வணக்கம் கந்தையா, பயணத்துக்கு ஆயத்தமா?

அப்பா செத்து நாற்பத்தொரு வருடம். மனைவியின் நெஞ்சைத் திறக்க நாள் குறித்திருக்கும் வாரத்தில், செத்தவரைப் பார்த்துப் பயணத்துக்கு ஆயத்தமா என்று ஒரு இயந்திரம் கேட்கிறது. இரண்டாவது செய்தி, நீங்கள் கந்தையாவா என்று கேட்டு, ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்களைக் காட்டியது. 'இல்லை'யை அமத்தினேன். அதுதானே உண்மை. பிறகு வந்தவற்றை நான் திறக்கவே இல்லை. மொத்தம் பதினேழு.

8.06. விமான நிலைய வாசல். ஓட்டோ மீற்றரில் 16.2 கிலோமீற்றர். நில அளவை வேலையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன் நான். எண்ணாமல் இருக்கத் தெரியாது. உள்ளே நுழைய இன்னும் நேரம் கிடக்கிறது என்று வேப்பமர நிழலில் குந்தினேன். வரும் விமானத்தில் சவாரி கிடைக்கும் என்று மரியதாசும் நின்றார். உள்ளே போனவர்களை எண்ணினேன். முப்பத்தெட்டு. ஒவ்வொருவரும் கைபேசியை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குக் காட்ட, அது பச்சை காட்டியது. எனக்குச் சிவப்புக் காட்டினால் என்ன செய்வேன் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் 79.

9.08. மரியதாஸ் கிட்ட வந்தார்.

"ஐயா, சனமெல்லாம் உள்ளுக்குப் போட்டுது. நீங்கள் என்ன காவலுக்கோ இருக்கிறியள்?"

நேரம் இருக்கிறது என்றேன். அவர் நம்பாமல் கைபேசியை வாங்கித் தட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"கந்தையா ஆர்?"

"என்ரை அப்பா. செத்துப்போனார்."

"அந்த மனிசனுக்கு மூண்டு நாளாச் சொல்லிக்கொண்டிருக்கிறாங்கள் ஐயா, பிளேன் பத்து இருபதுக்கெண்டு. ஒன்பது இருபதுக்குக் கவுண்டர் பூட்டு."

பன்னிரண்டு நிமிடம். அவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை ஓடினார், நான் பின்னால். நான் எடுத்துவைக்கும் ஒரு எட்டு முக்கால் மீற்றர். என் வாழ்நாளில் எட்டுகளை எண்ண மறந்த தூரம் அது ஒன்றுதான்.

வாசல் பெட்டி சிவப்புத்தான் காட்டியது, காவலாளி கடவுச்சீட்டைப் பார்த்து உள்ளே விட்டார். கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தபடி, கந்தையா என்பவர் வரவில்லை என்று பதிவாகியிருக்கிறது, நீங்களே இல்லை என்று அமத்தியிருக்கிறீர்கள் என்றாள்.

"அது நானில்லைப் பிள்ளை. என்ரை அப்பா."

"அப்பா எங்கை நிக்கிறார்?"

கடவுச்சீட்டை நீட்டினேன். அவள் அதைத் திறந்து பெயரைப் படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்கு விளங்கியிருக்கவேண்டும்.

"இண்டைக்கு நீங்கள்தான் ஐயா கந்தையா. உதிலை ஆமெண்டு அமத்துங்கோ. அஞ்சு நிமிசம்தான் கிடக்கு."

திரையை என் பக்கம் திருப்பினாள். அமத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு, மூன்று, நான்கு தரம். நிலம் அளக்கச் சங்கிலியும் கயிறும் இழுத்துத் தேய்ந்த விரல். அதற்கு என் விரல் விரலாகவே தெரியவில்லை. அப்பாதான் உள்ளே இருந்து மறிக்கிறாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"விரலிலை ஒருக்கால் ஊதிப்போட்டு அமத்துங்கோ" என்றாள்.

ஊதினேன். ஐந்தாம் தரம் பச்சை.

10.20. விமானம் கிளம்பியது. கீழே செம்மண் தோட்டங்கள் துண்டு துண்டாகத் தெரிந்தன. அளக்க மனம் வரவில்லை. செத்தவர் பெயரில் ஆகாயத்தில் போகிறேன் என்பதே நினைப்பு.

சென்னையில் விமானத்திலிருந்து வீதிவரை ஏழு இயந்திரங்கள், மூன்று மனிதர்கள். ஒன்று கண்ணாடியைக் கழற்றச் சொன்னது. ஒன்று பத்து விரலையும் கேட்டது, பத்திலும் ஊதினேன். கதவுகள் தாமாகத் திறந்தன. திறக்காமல் விட்டால் யாரைக் கூப்பிடுவது என்று ஒவ்வொரு கதவிலும் பயந்தேன்.

2.35. மருத்துவமனை. மின்சாரம் 31. பரமேஸ்வரியின் கையில் கறுப்புக் கோடுகள் போட்ட பட்டி ஒன்று கட்டியிருந்தார்கள். "சாப்பிட்டியளோ?" என்றுதான் கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நாடியை எண்ணினேன். 92.

3.40. சுவரில் இருந்த திரையில் பெயர் விழுந்தது: சிவஞானம். கீழே சத்திரசிகிச்சைக் கூடத்தின் இலக்கம். என்னை அறியாமல் எழுந்து நின்றேன்.

"இருங்கோப்பா" என்றாள் அவள். "உது நான்."

கடவுச்சீட்டில் அவளுக்கு முன்னே நிற்பது புருஷன் பெயர், என் பெயர். இந்தக் கணினியும் முன்னே நின்றவனைத்தான் பிடித்திருந்தது. தள்ளுகட்டில் என் பெயரோடு உள்ளே போனது. கதவு தானாக மூடியது. ஐந்து மணித்தியாலம் பத்து நிமிடம் அது திறக்கவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் காலை கைபேசி அதிர்ந்தது. உடனே திறந்தேன். வணக்கம் கந்தையா, வீடு திரும்ப ஆயத்தமா? சென்னையிலிருந்து பலாலி, இரண்டு பயணிகள்: கந்தையா, சிவஞானம்.

அவள் பக்கத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். நான் விரலில் ஊதி, இரண்டு பெயருக்கும் ஆமென்று அமத்தினேன். பிறகு விமானம் எத்தனை மணிக்கு என்று ஐந்து தரம் பார்த்தேன்.