எண் கிடைக்கும் வரை

எங்கள் நர்சிங் பள்ளியில் மாணவிகள் அவளுக்கு வைத்த பெயர் ஜட்ஜம்மா. இருபத்திரண்டு வருஷம் அவளுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பாடம் நடத்தியவள் நான். அவளோடு சண்டை போடாத நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நோயாளிக்கு ஒரு சிக்கல் வந்தால் நர்ஸ் எப்படி யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் அவள் பாடம். புத்தகத்தைத் தொட மாட்டாள். ஒரு நோயாளியின் கதையைத் தாளில் எழுதி, துண்டு துண்டாகக் கிழித்து வைத்திருப்பாள். முதல் துண்டைக் கொடுத்து, "இப்ப என்ன பண்ணுவே?" என்பாள். சொன்ன பதிலுக்குக் காரணமும் சொன்னால்தான் அடுத்த துண்டு. தப்பாக முடிவெடுத்தவளுக்குக் கிடைக்கும் துண்டில் நோயாளி செத்திருப்பார். அழாத பெண் கிடையாது. "தாள்ல செத்தா பரவாயில்ல, கட்டில்ல சாகக் கூடாது" என்பாள்.

‘தோணுது’ என்ற வார்த்தை மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது. "தோணுதுன்னு டாக்டர்கிட்ட போய் நிக்காதீங்க. எண்ணைச் சொல்லுங்க. நாடி எத்தனை, பிரஷர் எத்தனை, மூச்சு எத்தனை?" வேலைக்குச் சேர்ந்த புதிதில், நோயாளி சரியில்லை என்று தோன்றுவதாகச் சொன்ன அவளை ஒரு டாக்டர் வார்டே கேட்கும்படி விரட்டியிருக்கிறார். பட்ட அவமானத்தையே பாடமாக்கிவிட்டாள் என்பது என் கட்சி.

ஒரு செய்முறைத் தேர்வில் நெட்டையான பெண் ஒருத்தி மாட்டினாள். துண்டில் எல்லா எண்களும் ஒழுங்காக இருந்தன. நோயாளி மட்டும் நிலைகொள்ளாமல் புரள்கிறார். "டாக்டரக் கூப்பிடுவேன் மேடம்" என்றாள் அந்தப் பெண். காரணம் கேட்டதற்கு, "என்னமோ சரியில்லன்னு தோணுது" என்று சொல்லித் தொலைத்தாள். ஜட்ஜம்மா சிவப்பு மையில் எழுதினாள்: ‘தோன்றுவது காரணம் ஆகாது. எண் கிடைக்கும் வரை கவனி.’ பெயில்.

"பாதி மார்க்காவது போடேண்டி. மூஞ்சியப் பார்த்தா நோய் தெரியாதா?" என்று நான் மல்லுக்கு நின்றேன். அவள் மசியவில்லை. ஆறு மாதம் வீணாகி, மறுபடி எழுதித் தேறி, அந்தப் பெண் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆண்கள் அறுவை வார்டில் சேர்ந்தாள்.

ஜட்ஜம்மாவின் கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். வாயில்லாப் பூச்சி. மனைவிக்குப் பயந்தவர் என்று எல்லோரும் கேலி செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். போன வருஷம் அந்த வார்டில்தான் அவருக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். "நீ கிளாசுக்குப் போ, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று அவளை அனுப்பிவைத்தார்.

பத்து மணிக்கு அவர் புரள ஆரம்பித்தார். அன்று வார்டில் இருந்தவள் அந்த நெட்டைப் பெண். பிரஷர் பார்த்தாள், சரியாக இருந்தது. நாடி கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கால் மணி கழித்துப் பார்த்தாள். இன்னும் கால் மணி கழித்துப் பார்த்தாள். நான்காம் தடவை பிரஷர் ஒரேயடியாக இறங்கிவிட்டது. வயிற்றுக்குள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனவரைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. முன்னாலேயே கூப்பிட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

விசாரணை வைத்தார்கள். மனைவி புகாரில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடும். "போடுங்க அண்ணி, எங்க அண்ணனைக் கொன்னவ அவ" என்று கொழுந்தன் காகிதத்தை நீட்டினார். அந்தப் பெண் கொடுத்த வாக்குமூலமோ ஒரே வரி: ‘எண் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.’ யார் சொல்லிக் கொடுத்தது என்று மூச்சு விடவில்லை.

ஜட்ஜம்மா கையெழுத்துப் போடவில்லை. என்னை இழுத்துக்கொண்டு பழைய தாள்கள் கிடக்கும் அறைக்குப் போனாள். இருமி இருமித் தூசி தட்டி, அந்தத் தேர்வுத்தாளைத் தேடி எடுத்தாள். மறுநாள் விசாரணைக் குழுவின் முன்னால் வைத்தாள்.

"இந்தப் பொண்ணுக்கு அன்னிக்கே சரியாத்தான் தெரிஞ்சிருக்கு. பெயில் போட்டு மறக்க வச்சவ நான்."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் இவளோடு போட்ட சண்டையில் ஒன்றிலாவது ஜெயித்திருக்கக் கூடாதா என்று என் மேலேயே ஆத்திரம். எச்சரிக்கையோடு அந்தப் பெண்ணை விட்டுவிட்டார்கள். ஜட்ஜம்மா வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் ஜட்ஜம்மாவின் வீட்டுக்கு வந்தாள். நானும் இருந்தேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவரப் பார்த்தப்ப உனக்கு என்னம்மா தோணுச்சு?" என்று கேட்டாள் ஜட்ஜம்மா.

"பயந்துட்டாருன்னு தோணுச்சு மேடம். என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு. உங்களக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். சொல்லும்மா என்று நான் தலையாட்டினேன்.

"‘வேணாம்மா, வந்தா என்ன பண்ணுதுன்னு கேப்பா. எனக்கே சொல்லத் தெரியல. தெளிவாத் தெரியட்டும், அப்புறம் கூப்பிடலாம்’னாரு மேடம்."