ரவை சேர்க்காத மாவு

ஹைதராபாத் குஷாய்குடாவில் இருந்த ஃபிளாட்டை விற்றுவிட்டு, கீசரா தாண்டி ஒரு கிராமத்தில் இட்லி மாவுக் கடை போட்ட மேதை நான்தான். ஐம்பத்திரண்டு வயதில் ஐ.டி. கம்பெனி எனக்கு ஒரு கேக் வெட்டி வழியனுப்பி வைத்தது. மனைவி தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளையும் வேலையை விடச் சொன்னேன். கணக்குத் தெரிந்த ஒருத்தி எப்படி என் பேச்சைக் கேட்டாள் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இடம் மலிவு, போர் தண்ணீர் இருக்கிறது, சிட்டியும் பக்கம். ஊரும் வாங்கும், சிட்டியும் வாங்கும் என்று நினைத்தேன். கடை ஓடாவிட்டால் திரும்பிப் போக வீடு கிடையாது. அது இருவருக்கும் தெரியும் என்பதால் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

முதல் வாரம் பக்கத்தில் மளிகை விற்கும் கிராணா கடைக்காரம்மாவுக்கு ஒரு பாக்கெட் சும்மா கொடுத்தேன். மறுநாள் இட்லி எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"மெத்துன்னு இருந்துச்சு அன்னா. எங்க அத்தைக்குப் பல்லு இல்ல. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது" என்றார் தெலுங்கில்.

"மத்தவங்களுக்கு?"

"மத்தவங்களுக்குப் பல்லு இருக்கே."

அந்தப் பக்கத்தில் உளுந்தை மட்டும் அரைத்து, அரிசி ரவையைக் கழுவிக் கலப்பார்கள். இட்லி வாயில் கொஞ்சம் நறநறக்க வேண்டும். நான் அரிசியையும் வழவழவென்று அரைத்து வைத்திருந்தேன். முப்பது பாக்கெட் போட்டால் நாலு போகும். மீதியை நாங்களே தோசையாக, ஊத்தப்பமாக, பணியாரமாகத் தின்றோம்.

"ரவையே போடுங்களேன்" என்றாள் மனைவி. "இந்த மாவத் திங்க இந்த ஊர்ல நாம ரெண்டு பேர்தான் இருக்கோம்."

"மூணு தலைமுறையா செகந்திராபாத்ல இருக்கோம். எங்க வீட்டுக்குள்ள ரவை இட்லி நுழைஞ்சதே இல்ல."

"இட்லிக்கு என்ன கல்யாண சம்பந்தமா பேசறீங்க? வித்தா போதாதா?"

அவள் சொன்னது சரி. ஆனால் எனக்கு ரோஷம். தெருவில் தெலுங்கு, ஆட்டோவில் உருது "ஹவ் பாய்", மகனோ நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வான். மிச்சம் இருந்த தமிழ் இட்லி மட்டும்தான், அதையும் விடச் சொல்கிறாளே என்று முறுக்கிக்கொண்டேன். எதையெதையோ விட்டுவிட்டு, வீராப்பை மட்டும் இட்லியில் போய் வைத்தேன்.

ஊர் வேண்டாம், சிட்டிதான் என்று கிளம்பினேன். சைனிக்புரியில் தமிழ்க் குடும்பங்கள் வாங்கும் ஒரு கடை சம்மதித்தது. காலையில் மாவைக் காரில் அடுக்கிப் புறப்பட்டால், ரோடு அகலமாக்குகிறேன் என்று பாதி வழியை வெட்டி வைத்திருப்பார்கள். முன்னால் டிப்பர் லாரிகள், மேலே ஏப்ரல் வெயில். போய்ச் சேரும்போது பாக்கெட்டுகள் தலையணை மாதிரி உப்பியிருக்கும். ஒரு நாள் இரண்டு பாக்கெட் பின்சீட்டிலேயே வெடித்து, நான் தலை முதல் சட்டை வரை மாவோடு கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், பாக்கெட்டைப் பார்த்தார்.

"நக்கோ சாப்" என்றார். "நாளைலேர்ந்து வேணாம்."

பத்து மாதம் கழித்து எனக்குப் புத்தி வந்தது. ரவை மூட்டை வாங்கக் கிராணா கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நிறைய மாவுப் பாக்கெட். ரவை மாவு.

"நீங்க போட மாட்டேன்னுட்டீங்க அன்னா" என்றார் அந்த அம்மா, கொஞ்சம் சங்கடத்தோடு. "கேக்கறவங்களுக்கு யாராவது குடுக்கணுமே. மிக்ஸியில அரைச்சு மாளல."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி வேலை கேட்டுப் பழைய பள்ளிக்கு போன் பண்ணினாள். அடுத்த வாரம் சிட்டியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டில் பிடித்துக்கொண்டு போனாள். மூன்று பேர் அறை, மற்ற இருவருக்கும் எங்கள் மகன் வயது. பஸ் ஸ்டாப்பில் பையைக் கையில் கொடுத்தேன்.

"சனிக்கிழமை வருவியா?"

"ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும்" என்றாள். "மாவத் தின்னே காலம் தள்ளாதீங்க. ஏதாவது காய் வாங்கிச் சமைங்க."

அடுத்த மாதம் கடையை மூடினேன். கிரைண்டரைக் கிராணா அம்மாவே வாங்கிக்கொண்டார். நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போய் அவர் கடைக்குப் பின்னால் இறக்கினோம். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவர் டீ கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அன்னா, இந்த மிஷின் பழக்கம் உங்களுக்குத்தான் இருக்கு. காலையில ரெண்டு மணி நேரம் வந்து போட்டுக் குடுப்பீங்களா?"

இப்போது தினமும் ஆறு மணிக்குப் போகிறேன். உளுந்தை அரைத்து, ரவையைக் கழுவிக் கலந்து, பாக்கெட் போட்டு அடுக்குகிறேன். பத்து மணிக்குள் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. ஞாயிறன்று மனைவி போனில் கடை எப்படி ஓடுகிறது என்று கேட்டாள். கிரைண்டர் போன விஷயம் அவளுக்குத் தெரியாது.

"நல்லா ஓடுது" என்றேன். "ஒரு பாக்கெட் மிஞ்சறதில்ல."

யாருடைய கடை என்று அவளும் கேட்கவில்லை.